கடற்கரை வீட்டில் கைக்கலவை கான்கிரீட்: கோளாறைக் கண்டு காரணம் பிடிக்கும் முறை

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வரை, கடலோர வீடுகளில் கையால் கலந்து போட்ட கான்கிரீட்டில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். காரணத்தைப் பிடிக்க முதலில் கேட்க வேண்டியது, அது எப்போது கண்ணில் பட்டது என்பது. கலக்கும்போதே தெரிந்தால் தண்ணீர் அளவையும் மணலையும் பாருங்கள். முதல் நாள் தெரிந்தால் காற்றும் வெயிலும். ஒரு வாரத்துக்குள் தெரிந்தால் சிமெண்ட் அல்லது க்யூரிங் (போட்ட பிறகு ஈரம் காக்கும் வேலை). சில வருடம் கழித்துத் தெரிந்தால் அநேகமாக உப்பு. கீழே உள்ளவை ஏறத்தாழ அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

இது வாசற்படி, துவைகல் மேடை, தண்ணீர் டேங்க் பீடம், கேட் தூண் குழி, குளியலறைத் தளம், கழிவுநீர்த் தொட்டி மூடி போன்ற சின்ன வேலைகளுக்கு மட்டும். தூண், பெல்ட், லிண்டல், சன்ஷேடு, மேல்தளம் எதையும் இந்தக் கலவையில் போடாதீர்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 விதிநூல் கடற்காற்றுபடும் கம்பிக் கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்-30 தரம் (எண் கூடக் கூட வலிமை கூடும்) கேட்கிறது. பெட்டியால் அளந்து கலக்கும் முறையை எம்-20 வரைதான் அது ஏற்கிறது. வீட்டைத் தாங்கும் உறுப்புகளுக்குப் பொறியாளர் கணக்கிட்ட கலவை வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான அளவு

50 கிலோ சிமெண்ட் மூட்டையின் கொள்ளளவு சுமார் 35 லிட்டர். உள்ளளவு 35 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் உள்ள பலகைப் பெட்டி ஒன்று செய்தால் அது சரியாக ஒரு மூட்டை. சட்டிக் கணக்கை நம்ப வேண்டாம். குவித்துப் போட்ட சட்டியும் தட்டிப் போட்ட சட்டியும் ஒன்றாக இருப்பதில்லை.

ஒரு மூட்டை சிமெண்டுக்கு மணல் ஒன்றரைப் பெட்டி, முக்கால் ஜல்லி (20 மி.மீ.) மூன்று பெட்டி. இதில் சுமார் 125 லிட்டர் கான்கிரீட் கிடைக்கும். எட்டு மூட்டை சேர்ந்தால் ஒரு கன மீட்டர். மிக்ஸர் இல்லாமல் மம்பட்டியால் கலந்தால் மூட்டைக்கு 5 கிலோ சிமெண்ட் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். கைக்கலப்பு எவ்வளவு கவனமாகச் செய்தாலும் மிக்ஸரைப் போல சீராக வராது. அந்த 5 கிலோ அதற்கு ஈடு.

தண்ணீர்: மிக்ஸரில் மூட்டைக்கு 22 முதல் 23 லிட்டர். கூடுதல் 5 கிலோ சேர்த்த கைக்கலவைக்கு உச்சம் 25 லிட்டர். விதிநூலில் எம்-20 பெட்டிக் கலவைக்கு 30 லிட்டர் வரை என்று ஒரு அட்டவணை உண்டு. அது பொதுவான வரம்பு. கடற்காற்றுபடும் இடத்துக்கு அதே நூல் சிமெண்ட் எடையில் 0.45 பங்குக்கு மேல் தண்ணீர் கூடாது என்கிறது. நம் ஊருக்கு இரண்டாவது கணக்குதான்.

அரை மூட்டை கலக்க வேண்டுமானால் சிமெண்டை எடை போட்டுப் பிரியுங்கள். கொட்டியதும் சிமெண்ட் பொங்கி நிற்கும், பெட்டியால் அளந்தால் குறைந்துவிடும்.

கலக்கும்போதே தண்ணீர் மேலே மிதக்கிறது, ஜல்லி தனியாக உருள்கிறது

தண்ணீர் அதிகம். "25 லிட்டர்தானே ஊற்றினோம்" என்றால் மணலைப் பாருங்கள். ஒரு மூட்டைக் கலவைக்குப் போகும் மணல் சுமார் 84 கிலோ. அதில் 5 சதவீத ஈரம் இருந்தாலே 4 லிட்டர் தண்ணீர் கணக்கில் வராமல் உள்ளே வந்துவிடும். லாரியில் நனைத்து வந்த எம்-சாண்டிலும், ஐப்பசி கார்த்திகை மழையில் திறந்து கிடந்த குவியலிலும் இதைவிட அதிகமாகவே இருக்கும். அந்த நாளில் 20 லிட்டரில் தொடங்கி, மீதியைக் குவளை குவளையாகச் சேர்க்க வேண்டும்.

ஈர மணல் இன்னொரு வகையிலும் ஏமாற்றும். ஈரத்தில் மணல் உப்பிப் பெருகும். பெட்டி நிறைந்ததாகத் தெரியும், உள்ளே மணல் குறைவாக இருக்கும். மணல் குறைந்த கலவையில் ஜல்லியைப் பிடித்து வைக்கச் சாந்து போதாது. சோதிப்பது எளிது. நேரான கண்ணாடிப் பாத்திரத்தில் ஈர மணலை அழுத்தாமல் 20 செ.மீ. உயரம் போடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கம்பியால் கிண்டி அடங்க விடுங்கள். 16 செ.மீ.க்கு இறங்கினால் மணல் 25 சதவீதம் பெருகியிருக்கிறது. ஒன்றரைப் பெட்டிக்குப் பதில் ஒன்றேமுக்கால் பெட்டிக்குச் சற்று அதிகமாகப் போட வேண்டும்.

ஏற்கெனவே நீர்த்துப்போன கலவையைக் காப்பாற்ற வெறும் சிமெண்டைத் தூவுவது பழக்கத்தில் உண்டு. அது மேலாகப் பசை கொடுக்கும், சமமாகக் கலக்காது. சிமெண்ட், மணல், ஜல்லி மூன்றையும் அதே விகிதத்தில் உலரக் கலந்து அதில் சேர்த்து மறுபடி புரட்டுவதே சரி.

சரியான கலவை எப்படித் தெரியும்? கையுறை போட்ட கையில் ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் சிமெண்ட் பால் வடியக்கூடாது. மம்பட்டியின் முதுகால் தேய்த்தால் மேற்பரப்பு மூடிக்கொண்டு பளபளக்க வேண்டும். முதல் பார்வைக்கு "கெட்டியாக இருக்கிறதே" என்று தோன்றும். அந்தக் கெட்டியைக் கம்பியால் குத்தி இறக்குவதுதான் வேலை. தண்ணீரால் இறக்குவது பிறகு வரும் பாதிக் கோளாறுகளுக்குத் தொடக்கம். 0.45 பங்குத் தண்ணீரை 0.6 ஆக்கினால் வலிமை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதைவிடப் பெரிய சேதம், மிச்சத் தண்ணீர் விட்டுப்போகும் நுண்துளைகள். உப்பு அவற்றின் வழியாகத்தான் கம்பிக்குப் போகிறது. குத்தியும் இறங்கவில்லை என்றால், தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் வாங்கி, புட்டியில் போட்டுள்ள அளவுப்படி கலக்கும் தண்ணீரில் சேருங்கள்.

போடுவதற்குள் கலவை இறுகிவிடுகிறது

சித்திரை, வைகாசியில் வரும் புகார். வெயிலில் கிடந்த ஜல்லி கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும், கருப்பு சின்டெக்ஸ் டேங்க்கின் தண்ணீரும் அப்படியே. சூடு ஏற ஏறச் சிமெண்ட் விரைவாக இறுகும். உலர்ந்த ஜல்லி கலவைத் தண்ணீரைக் குடிக்கவும் செய்யும். முந்தின நாள் மாலையே ஜல்லியை நல்ல தண்ணீரில் நனைத்து, சாக்கு போட்டு மூடி வையுங்கள். காலை ஆறு மணிக்கோ மாலை நான்குக்குப் பிறகோ தொடங்குங்கள். இருவர் வேலை செய்தால் ஒரு தடவைக்கு அரை மூட்டைக்கு மேல் கலக்காதீர்கள்.

நிழலில், சூடில்லாமல் கலந்தும் சீக்கிரம் இறுகினால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். குளோரைடு உப்பு சிமெண்ட் இறுகுவதை வேகப்படுத்தும். உவர்க்கிணற்றுத் தண்ணீர் கொடுக்கும் முதல் அடையாளம் அநேகமாக இதுதான்.

இறுகத் தொடங்கிய கலவையில் தண்ணீர் தெளித்து இளக்கிப் போடவே கூடாது. சிமெண்ட் கட்டத் தொடங்கிய பிணைப்பை உடைத்து, மறுபடி பிணைய முடியாதபடி நீர்க்கவும் செய்கிறோம். அதைக் குழி நிரப்பவோ நடைபாதைக்கு அடியிலோ போட்டுவிட்டுப் புதிதாகக் கலங்கள்.

மறுநாளும் இறுகவில்லை, நகத்தால் கீறினால் வருகிறது

மூட்டையைப் பாருங்கள். தயாரித்த வாரமும் வருடமும் அதில் அச்சாகியிருக்கும். மூன்று மாதம் தாண்டிய சிமெண்டைச் சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது. கடற்காற்றில் கிடந்த மூட்டைக்கு அவ்வளவு நாள்கூட வேண்டாம். கட்டியை விரலால் நசுக்கினால் மாவாக உதிர்ந்தால் மூட்டை அழுத்தத்தில் ஆன கட்டி, பயன்படுத்தலாம். உதிராமல் கல்லாக நின்றால் ஈரம் ஏறிவிட்டது. சல்லடையில் சலித்துவிட்டால் சரியாகிவிடும் என்பது தவறு, சலித்து வந்த தூளிலும் வலு குறைந்திருக்கும். மூட்டைகளைத் தரையிலிருந்து 15 செ.மீ. உயரப் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, பாலித்தீன் போர்த்தி அடுக்குங்கள்.

சிமெண்ட் புதிதாக இருந்தும் இறுகவில்லையா? கலவைக்குள் சர்க்கரை போயிருக்கிறதா என்று பாருங்கள். சாயல்குடிப் பக்கம் பதநீர் எடுத்த பானை, கருப்பட்டிப் பாகு வைத்த டிரம் இவற்றில் தண்ணீர் பிடித்தால் இது நடக்கும். ஒரு மூட்டைக்கு 25 கிராம் சர்க்கரை போதும், இறுகும் நேரம் பல மணி நேரம் தள்ளிப்போக. அதற்கு மேல் போனால் நாள்கணக்கில் இறுகாது. பழைய வீடுகளில் சுண்ணாம்புச் சாந்துக்குக் கருப்பட்டியும் கடுக்காயும் சேர்த்தார்கள், அது நன்றாகவும் நின்றது. சுண்ணாம்பு இறுகும் வழி வேறு. அதை அப்படியே சிமெண்டுக்குக் கொண்டுவரக் கூடாது. ஊருணித் தண்ணீரில் அழுகிய கருவேல இலையும் பாசியும் இருந்தாலும் இதே விளைவு வரும்.

சர்க்கரை சிறிதளவே இருந்தால் இரண்டு மூன்று நாள் ஈரமாக மூடி வைத்துப் பாருங்கள், தாமதமாக இறுகி வலு பெறும். ஐந்தாம் நாளும் ஆணி இறங்கினால் வெட்டி எடுத்துவிடுங்கள்.

போட்ட சில மணி நேரத்தில் மேற்பரப்பில் பிளவுகள்

ஒன்றுக்கொன்று ஏறக்குறைய இணையான, சிறு நீளப் பிளவுகள், தளம் இன்னும் முழுதாக இறுகும் முன்பே தெரியும். காற்றுதான் காரணம். மேலே ஊறி வரும் ஈரத்தைவிட வேகமாகக் காற்று உலர்த்தினால், மேல்தோல் சுருங்கிக் கிழியும். பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் ஆடிக் காற்றில் வானம் மேகமாக இருந்தாலும் இது நடக்கும். வெயில் இல்லையே என்று அசந்துவிடக் கூடாது.

காற்று வரும் பக்கம் தென்னங்கீற்றுத் தட்டியோ தார்ப்பாயோ கட்டுங்கள். அடித்தரையை நனையுங்கள், தண்ணீர் தேங்கக் கூடாது. மட்டப்பலகை இழுத்து முடிந்த இடத்தைப் பாலித்தீன் ஷீட்டால் உடனே மூடி, ஓரங்களில் கல் வையுங்கள். இறுதித் தேய்ப்புக்கு மட்டும் திறக்கலாம். கலவை இளகலாக இருக்கும்போதே பிளவைக் கண்டுவிட்டால் மரக்கட்டையால் அழுத்தித் தேய்த்து மூடிவிடலாம். வெறும் சிமெண்ட் பாலை ஊற்றி மறைப்பது பயன்படாது. இறுகிய பிறகு கண்டால், கம்பி இல்லாத தளத்தில் பெரிய ஆபத்தில்லை. கம்பி உள்ளதில் அது உப்புக்குத் திறந்த வாசல், எப்பாக்ஸியால் அடைக்க வேண்டும்.

மேற்பரப்பு மாவாக உதிர்கிறது

இது பெரும்பாலும் கொத்தனாரிடம் நாம் ஆசையாகக் கேட்டு வாங்கும் பளபளப்பால் வருவது. மேலே ஊறிய தண்ணீர் வற்றும் முன் சிமெண்ட் தூவிக் கரணையால் தேய்த்தால், அந்தத் தண்ணீர் மேல்தோலிலேயே கலந்து, தோல் மட்டும் பலவீனமாகும். பளபளப்பு மறைந்து விரல் பதித்தால் அடையாளம் மட்டும் விழும் நிலை வரை காத்திருக்க வேண்டும். க்யூரிங் இல்லாததும் இன்னொரு காரணம்.

சாதாரண சிமெண்டுக்கு க்யூரிங் குறைந்தது 7 நாள். இப்போது கடைகளில் அதிகம் கிடைக்கும் பி.பி.சி. எனும் உலைச்சாம்பல் கலந்த சிமெண்டுக்கும், இரும்பாலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமெண்டுக்கும் நம் ஊர் உலர்காற்றில் 14 நாள். நல்ல தண்ணீர் தட்டுப்பாடான ஊரில் தினமும் குடம் குடமாகக் கொட்டச் சொல்வது நியாயமில்லை. ஒருமுறை நன்றாக நனைத்து, ஈரச் சாக்கு விரித்து, அதன் மேல் பாலித்தீனைக் காற்றுப் புகாமல் மூடினால் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஈரம் பார்த்தால் போதும். கடல் தண்ணீரையோ உவர்நீரையோ க்யூரிங்குக்கு ஊற்றாதீர்கள். கலவைக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீரைக் கொடுத்துவிட்டு, க்யூரிங்குக்கு உவர்நீரை அடித்துக் கெடுத்த கம்பி வேலைகள் உண்டு.

உதிர்வு மேலாக மட்டும் என்றால் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவி, உலர்ந்த பிறகு சோடியம் சிலிகேட் கலந்த தரை இறுக்கியைப் பூசலாம். ஆழமாகப் போனால் கொத்திவிட்டு மேலே 4 செ.மீ. புதுத் தளம்.

பலகை எடுத்ததும் தேன்கூடு போல ஓட்டை

குத்தாத இடம், அல்லது பலகை இடுக்கில் பால் வடிந்த இடம். கம்பிகளுக்கு இடையில் முக்கால் ஜல்லி சிக்கிக்கொண்டாலும் வரும். கம்பி இடைவெளி குறுகலான இடத்தில் அரை ஜல்லி போடுங்கள். பலகை இடுக்கைச் சாக்குத் துணியாலோ களிமண்ணாலோ முன்கூட்டியே அடையுங்கள். 15 செ.மீ. படலமாகப் போட்டு, 16 மி.மீ. கம்பியால் முந்தின படலம் வரை இறங்கும்படி குத்துங்கள்.

ஓட்டை மேலாக இருந்தால் உதிர்ந்ததைக் கொத்தி, ஈரமாக்கி, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் என்ற கெட்டிச் சாந்தைத் திணித்து அழுத்துங்கள். ஓட்டைக்குள் கம்பி தெரிந்தால் அந்த உறுப்பைத் தள்ளிவிட்டுப் புதிதாக வார்ப்பதே நல்லது. இந்தக் கடற்கரையில் அந்தக் கம்பி நீடிக்காது.

தளம் நடுவில் வெடித்துவிட்டது

நீளத் தளத்துக்குப் பிரிவு விடவில்லை, அல்லது அடியில் மணல் இறங்கிவிட்டது. 10 செ.மீ. தளத்துக்கு இரண்டரை முதல் மூன்று மீட்டருக்கு ஒரு பிரிவு, ஆழம் இரண்டரை செ.மீ., போட்ட நாளிலேயே கோடு இழுத்துவிட வேண்டும். கடலோர மணலை நனைக்காமல் இடித்தால் கெட்டிப்படாது. தண்ணீர் விட்டு, 15 செ.மீ. அடுக்காக இடியுங்கள்.

வெள்ளையாக உப்புப் பூக்கிறது

மழைக்குப் பிறகு பூத்து, நல்ல தண்ணீரில் கழுவினால் போய், பிறகு குறைந்துகொண்டே வந்தால் சிமெண்டிலிருந்து வரும் சுண்ணம். கவலை இல்லை. வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் பூத்து, நாக்கில் வைத்தால் உப்புக் கரித்தால் மண்ணிலிருந்து ஏறுகிறது. புதுத் தளம் என்றால் அடியில் 250 மைக்ரான் பாலித்தீன் விரித்துத்தான் போட வேண்டும். பூத்ததைக் கழுவக் குளியலறை ஆசிட் ஊற்றாதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். விரட்ட நினைக்கும் குளோரைடை நம் கையாலேயே உள்ளே விடுகிறோம்.

கம்பி ஓடும் வழியில் பிளவு, பழுப்புக் கறை, தட்டினால் வெற்றொலி

இதுதான் இந்தக் கடற்கரையின் பெரிய நோய். இரும்பு துருவாகும்போது கன அளவு பல மடங்கு பெருகும். அந்த அழுத்தத்தில் மேலே உள்ள கான்கிரீட் பிளந்து, பிறகு தகடாக விழும்.

வயதை முதலில் கணக்கிடுங்கள். இரண்டு மூன்று வருடத்தில் வந்துவிட்டால் உப்பு கலவையோடே உள்ளே போயிருக்கிறது. பத்துப் பதினைந்து வருடம் கழித்து, காற்றுப் பக்கம் அதிகமாகவும் மறைவுப் பக்கம் குறைவாகவும் வந்தால் வெளியிலிருந்து நுழைந்தது, கம்பிக்கு மேல் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன், போதவில்லை.

உள்ளே போகும் உப்பைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் எதற்குப் பயப்பட வேண்டும் என்பது தெரியும். கம்பிக் கான்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோ குளோரைடு வரைதான் விதிநூல் அனுமதிக்கிறது. கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை. ஒரு கன மீட்டருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால், வரம்பில் உள்ள தண்ணீர் 100 கிராம் குளோரைடு கொண்டுவரும். கடல்நீரில் லிட்டருக்கு 19 கிராம், அதில் கலந்தால் 3.8 கிலோ, வரம்பைப் போல ஆறு மடங்கு. இதை எல்லோரும் அறிவார்கள், யாரும் கடல்நீரில் கலப்பதில்லை. தப்பிப்போவது மணல். ஒரு கன மீட்டரில் சுமார் 670 கிலோ மணல் போகிறது. அலையோரத்து மணல் 10 சதவீதம் கடல்நீர் ஈரத்தோடு வந்தால், மணல் வழியாக மட்டும் 1.2 கிலோவுக்கு மேல் குளோரைடு. நல்ல தண்ணீரில் கலந்த நிம்மதியில் இருக்கும்போதே வரம்பு இரட்டிப்பாகிவிட்டது. கடற்கரை மணலை அள்ளுவது கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிப்படி தடையும்கூட.

பழைய வீட்டை இடித்த பவளக்கல்லை உடைத்து ஜல்லியாகப் போடுவதும் இதே தவறு, அதன் துளைகளில் உப்பு தங்கியிருக்கும். கடலிலிருந்து புதிதாக எடுப்பது 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைப்படி குற்றம்.

மணலைச் சோதிக்க ஒரு டி.டி.எஸ். மீட்டர் (நீரில் கரைந்த மொத்த உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் கருவி) போதும். ஒரு கிலோ உலர்ந்த மணலை இரண்டு லிட்டர் குடிநீரில் நன்றாகக் கிண்டி, அரை மணி நேரம் விட்டுத் தெளிந்த நீரை அளந்து பாருங்கள். அந்தக் குடிநீரின் அளவைவிட 300 ஏறியிருந்தால் கிலோவுக்கு 600 மி.கி. உப்பு. அது அனைத்தும் சாப்பாட்டு உப்பு என்று கொண்டால், கன மீட்டருக்குச் சுமார் கால் கிலோ குளோரைடு. கம்பி வேலைக்கு அதற்கு மேல் ஏறும் மணலைக் கழுவியோ ஒதுக்கியோ விடுங்கள். நல்ல எம்-சாண்ட் வாங்கியும் உவர்மண் மேல் கொட்டினால் அடியிலிருந்து உப்பு ஏறும். தார்ப்பாய் விரித்துக் கொட்டி, மேலேயும் மூடுங்கள்.

தண்ணீரில் டி.டி.எஸ். 500க்குக் கீழ் இருந்தால் யோசிக்க வேண்டியதில்லை, மொத்த உப்பே 500 என்றால் குளோரைடு அதைத் தாண்ட முடியாது. அதற்கு மேல் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் குளோரைடை மட்டும் சோதித்து வாங்குங்கள். சுவைத்துப் பார்ப்பது உவர்நீர் குடித்துப் பழகிய நாக்குக்கு உதவாது. தீவுப்பக்கம் கிணறுகளில் இன்னொரு சங்கதி: நல்ல தண்ணீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. மோட்டார் போட்டு நெடுநேரம் இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறிவிடும். காலை முதல் வாளியில் 400 காட்டிய கிணறு மதியம் 1200 காட்டலாம். இறைத்து முடிக்கும் நேரத்துத் தண்ணீரை அளப்பதுதான் சோதனை.

கம்பியும் கவனம் கேட்கும். மாடியில் மாதக்கணக்கில் காற்றுவாங்கிய கம்பியின் துருவில் உப்புப் படிந்திருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, அன்றே கான்கிரீட்டுக்குள் போட்டுவிடுங்கள். கட்டுக்கம்பி முனைகளை உள்பக்கம் மடக்குங்கள், பலகையைத் தொட்டு நிற்கும் முனைதான் முதலில் கறை காட்டும். கவர் 45 மி.மீ. கம்பியை அந்த இடைவெளியில் தாங்கி நிறுத்தும் கவர் பிளாக்கை அதே கலவையின் சாந்தில் முன்கூட்டியே வார்த்து, க்யூரிங் செய்து வையுங்கள். உடைந்த ஓடும் செங்கல் துண்டும் வேண்டாம். சிமெண்டில் ஸ்லாக் கிடைத்தால் அதையே எடுங்கள், உப்பு உள்ளே நகர்வதை நன்றாகத் தடுக்கும்.

துரு பிடித்ததற்கு மேல்பூச்சுப் பூசி மறைப்பது பணத்தைக் கடலில் போடுவது. ஒட்டுப் போட வேண்டுமானால் கம்பிக்குப் பின்னாலும் 2 செ.மீ. கொத்தி, கம்பியைச் சுற்றிலும் பளபளக்கத் தேய்த்து, கழுவி, துருத்தடுப்புப் பூசி, பாலிமர் சாந்து அடைக்க வேண்டும். அப்படிச் செய்தும், உப்பு நிறைந்த பழைய கான்கிரீட்டில் ஒட்டின் விளிம்பையொட்டி அடுத்த துரு கிளம்பும். சன்ஷேடிலோ மேல்தளத்திலோ இதைக் கண்டால் பொறியாளரைக் கூப்பிடுங்கள், அடியில் யாரையும் நிற்க விடாதீர்கள். தொட்டி மூடி என்றால் ஒட்டு வேண்டவே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

மூடியை மாற்றுவது

இரண்டங்குல மூடிகள் ஏன் இங்கே நிற்பதில்லை என்பதற்குக் கணக்கே விடை. 5 செ.மீ. பலகையில் 45 மி.மீ. கவர் விட்டால் கம்பிக்கு இடமே இல்லை. கவரைக் குறைத்துப் போடுகிறார்கள், துரு பிடிக்கிறது. 10 செ.மீ. தடிமன் வேண்டும், அல்லது கருங்கல் பலகை வாங்கிப் போடுங்கள். சிறிய தொட்டிக்குக் கருங்கல்லே மேல், அதில் துருப்பிடிக்க எதுவும் இல்லை.

வார்ப்பதானால் 75 செ.மீ. அகலத் தொட்டிக்கு 90 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 10 செ.மீ. தடிமனாகத் துண்டு துண்டாக வார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று 67 கிலோ வரும், இரண்டு பேர் தூக்கலாம். ஒரு மூட்டைக் கலவையில் நான்கு வார்த்துக் கொஞ்சம் மிஞ்சும். நீளவாக்கில் 8 மி.மீ. கம்பி மூன்று, ஓரக் கம்பிகள் பக்கவாட்டிலும் 45 மி.மீ. உள்ளே. குறுக்கே 20 செ.மீ.க்கு ஒன்று, நீளக் கம்பியின் மேல். நீளக் கம்பி அடிப்பக்கம்தான் இருக்க வேண்டும். ஆள் நடக்கும்போது பலகை அடியில்தான் இழுபடும். தூக்கும்போதோ, போட்ட அன்றோ இரண்டாக முறிந்த மூடியைப் புரட்டிப் பாருங்கள், பெரும்பாலும் கம்பி மேற்பக்கம் கிடக்கும். இரும்புக் கொக்கி வெளியே நீட்டாதீர்கள், துரு அங்கிருந்துதான் உள்ளே இறங்கும். ஓரத்தில் கடப்பாரை நுழைய இரண்டு வெட்டு விட்டால் போதும். இந்த மூடி ஆள் நடக்க மட்டும், வண்டி ஏறக்கூடாது.

வார்த்த 14 நாள் ஈரமாக மூடி வையுங்கள், அதற்கு முன் தூக்க வேண்டாம். பழைய மூடியைத் திறந்ததும் தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பதும் இறங்குவதும் உயிருக்கு ஆபத்து, விழுந்த துண்டை எடுக்கக்கூட இறங்காதீர்கள், பீடி சிகரெட் பக்கத்தில் வேண்டாம். கலவை இளகலாக இருக்கும்போதே ஒவ்வொரு பலகையிலும் ஆணியால் "மேல்" என்று கீறி, வார்த்த தேதியையும் எழுதிவிடுங்கள். தொட்டி காலி செய்ய வருபவர்கள் திருப்பிப் போட்டுவிட்டால் கம்பி தவறான பக்கம் போய்விடும்.